நடுங்கும் கையாலும் பற்ற வேண்டும்

கோடை விடுமுறை வந்தால் நம்மவர் வீடுகளில் கூடாரப் பேச்சும் வந்துவிடும். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வடக்கே ஏதாவதொரு மாகாணப் பூங்காவில் இடம் பதிவு செய்வோம். இறைச்சி ஊறவைப்பது யார், இடியப்பம் கட்டுவது யார், கிரிக்கெற் மட்டை கொண்டுவருவது யார் என்றெல்லாம் தொலைபேசியில் பங்கு பிரிப்போம். ஆனால் நெருப்பு மூட்டுவதற்கு எதைக் கொண்டுபோவது என்று எவரும் கேட்பதில்லை. "லைற்றர் ஒன்று எங்கேயாவது கிடக்கும்தானே" என்று விட்டுவிடுவோம்.

நாங்களும் சில வருடங்களுக்கு முன் அப்படித்தான் போனோம். ஆடி மாதம், நல்ல வெயில். இரண்டாம் நாள் பின்னேரம் அக்காவின் கடைசி மகனும் அத்தானும் போன வள்ளம் கரைக்குக் கிட்ட வந்து கவிழ்ந்துவிட்டது. இருவரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தபடியால் ஆபத்தில்லை. ஆனால் அவர்கள் கரையேறும்போது மழையும் காற்றும் சேர்ந்துகொண்டன. பத்து வயதுப் பிள்ளை பல் கிடுகிடுக்க நின்றான். எல்லோரும் நெருப்பு மூட்ட ஓடினோம்.

அத்தானின் சட்டைப் பையில் இருந்த லைற்றர் நனைந்து போயிருந்தது. நெருப்புப்பெட்டி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்து கூழாகியிருந்தது. கடையில் விலை கொடுத்து வாங்கிய தீப்பொறிக்கோல் ஒன்றும் இருந்தது. அதன் உறையே இன்னும் பிரிக்கப்படவில்லை. எப்படி உரசுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று சாமான் இருந்தும் ஒரு சுடர் இல்லை.

கடைசியில் கூடாரத்துக்குள் இருந்த அம்மாதான் குரல் கொடுத்தார். "பிள்ளை, என்ரை பைக்குள்ளை ஒரு ரின் கிடக்கு, எடு." எங்கே போனாலும் காலையில் கும்பிடுவதற்காக அவர் கொண்டுவரும் சிறிய தகர ரின் அது. மூடி இறுகியது. உள்ளே கற்பூரம், விபூதி, ஒரு நெருப்புப்பெட்டி. எல்லாம் காய்ந்து மொறுமொறு என்று இருந்தன. இரண்டு நிமிடத்தில் நெருப்புப் பற்றியது.

எல்லோரும் அம்மாவைப் புகழ்ந்தோம். ஆனால் தாதியாக வேலை செய்யும் எனக்கு அன்றிரவு வேறொரு விடயம் உறுத்தியது. நாங்கள் நெருப்பைத் தேடிய அந்த இருபது நிமிடமும் பிள்ளை நனைந்த உடுப்போடுதான் நின்றான். முதலில் செய்யவேண்டியதை விட்டுவிட்டு இரண்டாவதின் பின்னால் ஓடியிருந்தோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த உறுத்தல்தான்.

குளிர் எப்போது நோயாகிறது?

நமது உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அதனை உடல்வெப்பக் குறைவு என்கிறோம். இது பனிக்காலத்தில் மட்டும் வருவதல்ல. வெளியே 10 பாகை இருந்தாலும், நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தால் வரலாம். நீர், காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடலின் சூட்டை இழுத்துவிடும். சிறுவர்களும் முதியவர்களும் மற்றவர்களைவிட விரைவில் பாதிக்கப்படுவர்.

அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலில் நடுக்கம். பிறகு விரல்கள் சொற்கேளாது. பொத்தான் பூட்டவும் முடியாது. பேச்சுக் குழறும், கால் தடுமாறும், புத்தி மந்தமாகும். இத்தனைக்கும் பிறகு நடுக்கம் தானாக நின்றுவிட்டால், "சரி, பிள்ளைக்குக் குளிர் விட்டுவிட்டது" என்று ஆறுதலடைய வேண்டாம். உடல் தன்னைத்தானே சூடாக்கும் சக்தியை இழந்துவிட்டது என்பதே அதன் பொருளாக இருக்கலாம். உடனே 911 அழைக்க வேண்டும்.

செய்யவேண்டியவற்றின் ஒழுங்கு இதுதான். காற்றும் மழையும் படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். நனைந்த உடுப்பைக் கழற்றிக் காய்ந்ததை அணிவியுங்கள். தலையையும் மூடிக் கம்பளியால் சுற்றுங்கள். நிலத்தின் குளிர் ஏறாதபடி கீழேயும் ஏதாவது விரியுங்கள். நல்ல நினைவோடு இருந்து விழுங்கவும் முடிந்தால் இளஞ்சூடான இனிப்புத் தேநீர் கொடுக்கலாம். சாராயமோ பிராந்தியோ வேண்டாம். அது சூடு தருவதுபோல் தோன்றினாலும், தோலுக்கு இரத்தத்தை அனுப்பி உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடும். கையையும் காலையும் அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். இவ்வளவும் நடக்கும்போது இன்னொருவர் நெருப்பை மூட்டட்டும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். குளிரில் முதலில் கெட்டுப்போவது விரல்களின் நுண்ணிய வேலைதான். நெருப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் நமது கை மிகவும் மோசமான நிலையில் இருக்கும். ஆகவே, கடையில் நின்று பார்க்கும்போது அழகாகவும் சிறிதாகவும் இருப்பதை வாங்குவது தேர்வு அல்ல. நனைந்து, விறைத்து, நடுங்கும் கையாலும் பற்றவைக்க முடிகிறதா என்பதே அளவுகோல்.

பொறி, பஞ்சு, சுள்ளி, விறகு

எந்தக் கருவியை வாங்கினாலும் அது நெருப்பின் முதற்படி மட்டுமே. பொறி அல்லது சுடர் வேண்டும். அதை உடனே பிடித்துக்கொள்ளும் மெல்லிய பொருள் வேண்டும். பின்பு பென்சில் பருமனான சுள்ளி, அதன் பின்னரே விறகு. ஊரில் நமது தாய்மார் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பன்னாடை, தும்பு, காவோலை, சிரட்டை என்று அடுக்கி, ஒரே குச்சியில் அடுப்பை மூட்டினார்கள். இங்கே நாம் பெரிய விறகுக்கட்டையின் அடியில் லைற்றரைப் பிடித்துக்கொண்டு விரல் சுடும்வரை நிற்கிறோம்.

பன்னாடைக்கு இங்கே நல்ல மாற்று உண்டு. மருந்துக்கடையில் வாங்கும் பஞ்சு உருண்டைகளில் வசிலினை நன்றாகப் பிசைந்து பூசுங்கள். வெளிப்பக்கம் வசிலினும் உள்ளே சிறிது உலர்ந்த பஞ்சும் இருக்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு உருண்டைகளை ஒரு சிறிய மருந்துப் போத்தலுக்குள் அடைத்துவிடலாம். பயன்படுத்தும்போது உருண்டையைப் பிரித்து உலர்ந்த இழைகளை வெளியே எடுத்துவிட்டால், சிறு பொறியே போதும். வெறும் பஞ்சு நொடியில் எரிந்து போகும். வசிலின் சேர்ந்த பஞ்சு சில நிமிடங்கள் நின்றெரியும். ஈரச் சுள்ளியைக் காயவைத்துப் பற்றவைக்க அந்த நேரம் வேண்டும். செயற்கைப் பஞ்சு சரிவராது, அது உருகிவிடும். உறையில் பருத்தி என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

இனி, கடைகளில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. நெருப்புக்குச்சி

சாதாரண நெருப்புப்பெட்டியின் இரகசியம் அதன் பக்கத்துப் பட்டையில் இருக்கிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேற்று, பட்டையில் சிவப்புப் பொஸ்பரசு. இரண்டும் உரசினால்தான் தீ. ஆகவே குச்சி காய்ந்திருந்தாலும் பட்டை நனைந்தால் எல்லாம் வீண். குச்சிகளைப் போத்தலுக்குள் மாற்றும்போது பட்டையையும் வெட்டி உள்ளே போட மறக்கவேண்டாம்.

முகாம் சாமான் விற்கும் கடைகளில் காற்றிலும் மழையிலும் எரியும் தடித்த குச்சிகள் கிடைக்கும். அவை பத்துப் பதினைந்து விநாடிகள் விடாமல் எரியும். விலை கூடினாலும் அவசரப் பொதிக்கு மிக நல்லவை. யாருக்கும் பயிற்சி தேவையில்லை என்பது குச்சியின் பெரிய நன்மை. அம்மம்மாவுக்கும் கொளுத்தத் தெரியும்.

2. லைற்றர்

சின்னது, மலிவு, உடனே சுடர். ஆனால் இரண்டு பலவீனங்கள். முதலாவது குளிர். உள்ளே இருக்கும் பியூற்றேன் திரவம் ஏறத்தாழ பூச்சியம் பாகையில்தான் வாயுவாகிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் சுடர் மெலியும் அல்லது வராது. உள்ளங்கையிலோ சட்டையின் உட்பையிலோ சிறிது நேரம் வைத்துச் சூடாக்கினால் மீண்டும் வேலை செய்யும். இரண்டாவது ஈரம். சில்லு நனைந்தால் பொறி வராது. நன்றாக ஊதி, காய்ந்த துணியில் சில்லைப் பலமுறை உருட்டினால் பெரும்பாலும் சரியாகும். அன்று அத்தானுக்கு இது தெரிந்திருந்தால் அம்மாவின் ரின் தேவைப்பட்டிராது.

அழுத்தினால் 'டிக்' என்று பற்றும் வகையைவிட, சில்லு உருட்டும் வகையே நம்பகமானது. வாயு தீர்ந்தாலும் அதில் பொறியாவது வரும். உள்ளே எரியும் நிறம் கண்ணுக்குத் தெரியாத சேற்றுக்குள்ளோ புல்லுக்குள்ளோ விழுந்தாலும் கண்டெடுக்கக்கூடிய கடும் நிறத்தில் வாங்குங்கள். பெற்றோல் வகைத் திரவத்தை ஊற்றி நிரப்பும் உலோக லைற்றர் அழகானது. ஆனால் அதன் திரவம் சில வாரங்களில் ஆவியாகிவிடும். வருடக்கணக்கில் பொதிக்குள் கிடக்கவேண்டிய சாமான் அதுவல்ல.

கனடாவில் விற்கும் லைற்றர்களுக்குச் சிறுவர் பாதுகாப்பு விதிகள் உண்டு. ஆனால் அந்த விதி பிள்ளைக்குக் கடினமாக்குமே தவிர, முடியாமற் செய்யாது. உயரத்தில், பூட்டி வைப்பதே பாதுகாப்பு.

3. தீப்பொறிக்கோல்

கடைகளில் ஃபெரோ றொட் என்று கேட்டால் தருவார்கள். இரும்பும் சீரியம் முதலிய உலோகங்களும் கலந்த கறுப்புக் கோல் இது. 1903ஆம் ஆண்டில் ஒஸ்ரிய விஞ்ஞானி கார்ல் அவுவர் வொன் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த கலவை. நமது கலியாண வீடுகளில் எரிந்த பெற்றோமாக்ஸ் விளக்கின் மான்ரிலுக்கும் மூலம் அவருடைய கண்டுபிடிப்புத்தான். லைற்றரின் சில்லுக்குக் கீழே இருக்கும் சிறு கல்லும் இதே கலவையால் ஆனதே.

கூரான விளிம்பால் கோலைச் சுரண்டினால் சுமார் 3000 பாகை வெப்பமுள்ள பொறிகள் கொட்டும். நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம். கடும் குளிரிலும் வேலை செய்யும். ஆயிரக்கணக்கான தடவை பயன்படும். தீர்ந்துபோக உள்ளே வாயுவும் இல்லை, திரவமும் இல்லை.

குறை என்னவென்றால், அது தருவது பொறி மட்டும், சுடர் அல்ல. வசிலின் பஞ்சு போன்ற ஒன்று இல்லாவிட்டால் வாணவேடிக்கை பார்த்ததுபோல்தான் முடியும். பயிற்சியும் வேண்டும். வாங்கும்போது பென்சில் பருமனுக்குக் குறையாத கோலாகவும், முழுக் கையாலும் பிடிக்கக்கூடிய பெரிய கைபிடி உள்ளதாகவும், சுரண்டும் தகடு கயிற்றால் கோலோடு கட்டப்பட்டதாகவும் பாருங்கள். தீக்குச்சி அளவில் சாவிக்கொத்தில் தொங்கும் சின்னஞ்சிறு கோல்கள் விறைத்த விரலுக்குப் பிடிபடா.

முதலில் கோலின் கறுப்புப் பூச்சைச் சுரண்டி நீக்கவேண்டும். தகட்டைப் பஞ்சின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, கோலைத் தன் பக்கமாகப் பின்னுக்கு இழுத்தால் பொறி சரியாகப் பஞ்சில் விழும். அடுக்கிய சுள்ளியும் குலையாது. முழங்கை, மணிக்கட்டு வாதமுள்ளவர்களுக்கு இது கடினம். ஒரே கையால் சில்லை உருட்டிப் பொறி எழுப்பும் சிறு கருவிகளும் உண்டு. ஒரு கையில் காயம் பட்டாலும் பயன்படவேண்டும் என்பதற்காக விமானிகளின் உயிர்காப்புப் பொதிகளில் அவ்வகை இடம்பெற்றது. முதியவர்களும் இதனை முயன்று பார்க்கலாம்.

4. பற்றரி லைற்றர்

மின்பொறியால் பற்றவைக்கும் இவற்றுக்குக் காற்று ஒரு பொருட்டல்ல. ஆனால் மின்சாரம் நின்ற மூன்றாம் நாள் இதனை எங்கே செருகிச் சார்ஜ் ஏற்றுவது? குளிரில் பற்றரியும் சோர்ந்துவிடும். வீட்டு விளக்கேற்ற நல்லது; அவசரப் பொதிக்கு இதை மட்டும் நம்பவேண்டாம்.

5. எரிகட்டிகளும் கற்பூரமும்

மெழுகும் மரத்தூளும் சேர்ந்த கட்டிகள் பாதுகாப்பானவை, நீண்டநேரம் எரிபவை. சிறிய மடிப்பு அடுப்புகளோடு வரும் வெள்ளை நிற எரிபொருள் வில்லைகளில் சில ஹெக்ஸமின் என்ற இரசாயனத்தால் ஆனவை. அவற்றின் புகை நச்சுத்தன்மை உள்ளது. பார்ப்பதற்கு இனிப்பு வில்லை போலவும் இருக்கும்.

கற்பூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இது நம் வீடுகளின் சாமான். பற்றவைக்கும் துணைப்பொருளாக அது மிகச் சிறந்தது. ஈரச் சுள்ளியின் அடியில் இரண்டு கட்டி போதும். திறந்து வைத்தால் காற்றில் கரைந்து போகும் என்பதால் இறுகிய ரின்னுக்குள்ளேதான் இருக்கவேண்டும்.

ஆனால் பெற்றோர்களே, கற்பூரம் குழந்தைகளுக்குக் கடும் நஞ்சு. தவழும் பிள்ளை ஒரு சிறு கட்டியை விழுங்கினாலும் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும், உயிருக்கும் ஆபத்தாகலாம். சாமியறையின் கீழ்த்தட்டில் பக்கெற்றைத் திறந்து வைப்பது நம்மிடையே சாதாரணம். இதை வாசித்து முடித்ததும் எழுந்துபோய் அதை மேல்தட்டுக்கு மாற்றுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கவேண்டாம். பிள்ளை சுகமாகத் தெரிந்தாலும் உடனே நச்சுத் தகவல் நிலையத்தை அழையுங்கள். வலிப்பு, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் 911.

எந்தப் பொதியில் எது?

ஒரே வகையை மூன்று வாங்குவதைவிட, வேறு வேறு வகையில் இரண்டு வைத்திருப்பது மேல். ஒன்று கெட்ட காரணத்தால் மற்றதும் கெட்டுப்போகக் கூடாது. இரண்டையும் ஒரே பையில் போடவும் கூடாது. அன்று எங்களுக்கு நேர்ந்ததும் அதுவே. எல்லாம் ஈரம் புகும் இடத்தில் இருந்தன. இறுகிய ரின் மட்டுமே தப்பியது.

முகாமுக்கு: சில்லு லைற்றர் ஒன்று பெரியவர் ஒருவரின் உட்பையில், சிறு ஸிப் பைக்குள். தீப்பொறிக்கோல் ஒன்றும் வசிலின் பஞ்சுப் போத்தலும் இறுகிய ரின்னில், வேறொருவரின் பையில்.

காருக்கு: பியூற்றேன் லைற்றரை இங்கே வைக்காதீர்கள். கோடையில் மூடிய கார் அடுப்புப்போல் கொதிக்கும், லைற்றர் வெடிக்கலாம்; மாரியில் குளிரால் அது பற்றாது. நெருப்புக்குச்சியும் ஆழமான தகர ரின்னுக்குள் ஒரு மெழுகுதிரியும் போதும். பனியில் காருக்குள் அகப்பட்டால் கண்ணாடியைச் சிறிது திறந்துவிட்டே மெழுகுதிரியைக் கொளுத்தவேண்டும். இயந்திரத்தை ஓடவிடுமுன் புகைக்குழாயைப் பனி மூடவில்லை என்று இறங்கிப் பாருங்கள். அதன்பின்னும் மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள்.

வீட்டுக்கு: கனேடிய அரசு ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது 72 மணி நேரம் வெளியுதவி இல்லாமல் சமாளிக்கக்கூடிய பொதியை வைத்திருக்கும்படி சொல்கிறது. தண்ணீர், உணவு, மருந்து, வானொலி இவற்றோடு பற்றரி விளக்கே முதலிடம் பெறவேண்டும். மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் அதற்கு அடுத்தபடிதான். ஊரில் ஜாம்போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த நமக்கு இருட்டில் சுடர் ஏற்றுவது பழக்கம். ஆனால் இங்குள்ள வீடுகள் மரச்சட்டத்தால் ஆனவை; திரைச்சீலை, கம்பளம் எல்லாம் எரிபொருள். மெழுகுதிரியை ஏற்றிவிட்டு உறங்கப் போகாதீர்கள்.

விமானத்தில் பயணம் செய்து முகாமுக்குப் போகிறவர்கள் லைற்றரையும் நெருப்புக்குச்சியையும் பெட்டிக்குள் போட்டு அனுப்பக்கூடாது. போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்குவதே தொல்லையில்லாத வழி.

மூட்டக்கூடாத இடம்

நெருப்பு மூட்டத் தெரிந்தவருக்கு எங்கே மூட்டக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2003 ஆவணி 14இல் ஒன்ராறியோவும் அமெரிக்காவின் வடகிழக்கும் இருளில் மூழ்கியதை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அது கோடை, குளிர் இல்லை. 2013 மார்கழியில் நத்தாருக்குச் சில நாட்களுக்கு முன் வந்த உறைமழையோ வேறு கதை. ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலானது. குளிர் தாங்காமல் பாபெகியூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும், கராஜுக்குள் ஜெனரேற்றர் ஓட்டியவர்களும் உண்டு. பலர் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டார்கள். ஒன்ராறியோவில் உயிரிழப்பும் நேர்ந்தது.

அந்த வாயுவின் பெயர் கார்பன் மொனொக்சைட். நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கரி புகையாமல் தணலாகக் கனியும்போது ஆபத்தில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தத் தணல்தான் இந்த வாயுவை ஏராளமாக வெளியிடும். தலையிடி, தலைச்சுற்று, வயிற்றைப் பிரட்டல், சோர்வு. காய்ச்சல் இல்லாத சளிச்சுரம் போலிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால் உடனே வெளியே ஓடுங்கள். வெளியில் நின்று 911 அழையுங்கள்.

ஆகவே கரியடுப்பு, முகாம் அடுப்பு, ஜெனரேற்றர் எதுவும் வீட்டுக்குள், பேஸ்மென்றுக்குள், கராஜுக்குள், கூடாரத்துக்குள் கூடாது. யன்னல் திறந்திருந்தாலும் கூடாது. மழைக்கு ஒதுங்கக் கூடார வாசலுக்குள் அடுப்பை இழுப்பதும் இதே ஆபத்துத்தான். ஒன்ராறியோவில் எரிபொருள் அடுப்போ, வெப்பமூட்டியோ, இணைந்த கராஜோ உள்ள வீடுகளில் இந்த வாயுவுக்கான எச்சரிக்கை மணி 2014 முதல் கட்டாயம். பற்றரி உள்ளதாகவோ, பற்றரித் துணை உள்ளதாகவோ இருக்கிறதா பாருங்கள். மின்சாரம் நின்ற நேரத்தில்தானே அது தேவை.

வெளியிலும் எங்கும் எப்போதும் மூட்டலாம் என்றில்லை. 2023இல் கனடாவில் 1.5 கோடி ஹெக்ரேயருக்கு மேல் காடு எரிந்தது. புறப்படுமுன் அப்பகுதியில் தீத்தடை உள்ளதா என்று விசாரியுங்கள். விறகையும் வீட்டிலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்குங்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் பச்சைவண்டு, 2002இல் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டது முதல், விறகோடு விறகாகவே பல இடங்களுக்குப் போயிருக்கிறது.

சுட்டால் என்ன செய்வது?

பற்றாத விறகுக்குப் பெற்றோலோ கைகழுவும் கிருமிநாசினியோ ஊற்றாதீர்கள். ஆவி பற்றிச் சுடர் போத்தலுக்கே பாய்ந்து வரும். கிருமிநாசினியின் சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. நைலோன், பொலியெஸ்ரர் உடுப்பு உருகித் தோலில் ஒட்டும். நெருப்புக்குப் பக்கத்தில் பருத்தி அல்லது கம்பளி உடுப்பே நல்லது. துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் செருகிக்கொள்ளுங்கள். உடுப்பில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. நின்று, விழுந்து, உருள வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். பெரியவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, மை, நல்லெண்ணெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளே அடைத்து வைக்கும். வைத்தியர் காயத்தைப் பார்க்கவும் தடையாகும். மோதிரம், காப்பு வீங்குமுன் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்கவேண்டாம். முகம், கை, மூட்டு இவற்றில் பட்டாலோ, உள்ளங்கையைவிடப் பெரிதானாலோ, குழந்தைக்கோ முதியவருக்கோ நேர்ந்தாலோ வைத்தியரிடம் போகவேண்டும்.

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால் இன்னுமொன்று. பல வருட நீரிழிவால் பாத நரம்புகள் மரத்திருக்கலாம். அப்படியானவர் குளிருக்கு இதமாக நெருப்பின் பக்கம் காலை நீட்டினால், தோல் வெந்தாலும் தெரியாது. காலணி அணிந்து, தள்ளி இருந்து, போர்வையால் கதகதப்பைப் பெறுவதே அவர்களுக்கு நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் புகை வராத பக்கம் இருக்கவேண்டும். பம்பும் கையில் இருக்கட்டும்.

படுக்கப் போகுமுன் நெருப்பை மண் போட்டு மூடுவது பலரின் வழக்கம். மண்ணுக்குக் கீழே தணல் விடியும்வரை சுடும். காலையில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கு அது தெரியாது. தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மீண்டும் ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால்தான் அது அணைந்த நெருப்பு.

ஒரு சிறு பரீட்சை

வெள்ளம் வருமுன் அணைகட்ட வேண்டும் என்பார்கள். இந்தச் சனிக்கிழமை கொல்லைப்புறத்தில் ஒரு பழைய இரும்புச் சட்டியை வையுங்கள். மாடிக் குடியிருப்பில் பல்கனியில் செய்யாமல், நெருப்பு மூட்ட அனுமதியுள்ள பூங்கா அடுப்பொன்றில் செய்யலாம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். ஐஸ் போட்ட நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்துவிட்டு, துடைத்து, நீங்கள் வாங்கிய சாமானால் ஒரு பஞ்சு உருண்டையைப் பற்றவைத்துப் பாருங்கள். நீரிழிவு, இரத்தோட்டக் குறைபாடு உள்ளவர்கள் தடித்த கையுறையோடு முயன்றால் போதும். மூன்று முயற்சியில் பற்றாவிட்டால் அந்தச் சாமான் உங்களுக்கு உரியதல்ல, வேறொன்றைத் தேடுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளையும் உங்கள் கண்முன்னே பழக்குங்கள். ஒளித்து வைத்த நெருப்பு பிள்ளைகளுக்கு விளையாட்டாகும், சொல்லிக் கொடுத்த நெருப்பு பொறுப்பாகும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒவ்வொரு கோடைக்கும் முன் இந்தப் பரீட்சை நடக்கிறது. அன்று நடுங்கி நின்ற பிள்ளைக்கு இன்று மீசை அரும்பிவிட்டது. தீப்பொறிக்கோலில் அவனுக்கு ஒரே இழுவை போதும். ஆனாலும் பயணம் புறப்படும்போது அவன் முதலில் எடுத்து வைப்பது எல்லோருக்கும் ஒரு சோடி காய்ந்த உடுப்பு. அதற்கு மேலே, இறுக மூடிய அம்மம்மாவின் ரின்.